நசுங்கிக் காக்கும் நுரை

வலிமைக்கு உவமை தேடின் கருங்கல்லையும் இரும்பையும் வயிரமேறிய மரத்தையும் சொல்லுவோம். நொய்ம்மைக்கு உவமை தேடின் நீர்மேல் மிதக்கும் நுரையைச் சொல்லுவோம். நிலையற்றது, கைப்பட்டவுடன் அழிவது, ஒன்றுக்கும் உதவாதது என்பதே நுரையைப் பற்றி நெடுங்காலமாக மக்கள் கொண்டிருந்த எண்ணம். ஆயினும் அறிவியலார் அந்த நுரையைத் திண்பொருளாக இறுகச் செய்து, கல்லும் இரும்பும் செய்யமாட்டாத ஒரு காரியத்தை அதனிடம் ஒப்படைத்திருக்கின்றனர். வீதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழும் ஒருவருடைய மண்டையோட்டுக்கும் தார் வீதிக்கும் இடையில் நின்று அவர் உயிரைக் காப்பதே அக்காரியம். இரண்டு விரற்கடை தடிப்புள்ள நுரை எவ்வாறு இதனைச் செய்கின்றது என்பதை, நேயர்களே, இன்று சிறிது ஆராய்வோம்.

திண்ம நுரை என்பது யாது? நுண்ணிய அறைகள் பல சுவரோடு சுவர் சேர்ந்து நிற்கும் பொருளே அது. காலையில் உண்ணும் பாணை வெட்டிப் பாருங்கள். மாவினுள்ளே புளிப்பினால் எழுந்த வாயு குமிழ்களை உண்டாக்க, போறணையின் வெப்பம் அக்குமிழ்களின் சுவர்களை இறுகச் செய்திருக்கும். அப்பத்தின் நடுவிலே கண் கண்ணாகத் தோன்றும் மென்மையும் அத்தகையதே. இறப்பர்ப் பாலைச் சவர்க்காரத் தன்மையுள்ள பொருளோடு சேர்த்து நுரையெழ அடித்து, அச்சில் ஊற்றி இறுகவைத்தால் மெத்தைக்குரிய நுரை கிடைக்கும். இம்முறையை 1929 ஆம் ஆண்டில் டன்லொப் நிறுவனத்தார் வகுத்தனர். இலங்கைத் தோட்டங்களின் இறப்பர்ப் பாலைக் கொண்டு அத்தகைய மெத்தைகள் இன்றும் இந்நாட்டிற் செய்யப்பட்டுப் பிறநாடுகளுக்கு அனுப்பப்படுகின்றன. தொலைக்காட்சிப் பெட்டியையும் கண்ணாடிப் பொருள்களையும் பொதிந்து வரும் வெண்ணிறப் பொருளை நம் கடைத்தெருவில் ரெஜிபோம் என்பர். அதுவும் நுரையே, பொலிஸ்தைரீன் என்னும் பிளாஸ்திக்கின் மணிகளை நீராவியாற் பொரியச் செய்து ஒன்றாக ஒட்டவைத்த நுரை.

மனிதன் செய்வதற்கு நெடுங்காலம் முன்னரே இயற்கை இதனைச் செய்துவிட்டது. போத்தலை அடைக்கும் தக்கை, போர்த்துக்கல், ஸ்பெயின் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டையாகும். இங்கிலாந்தின் அறிஞராகிய றொபேட் ஹூக் என்பவர் அதனை மெல்லிய சீவலாக்கித் தமது நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். துறவியர் மடத்து அறைகள் போன்ற சிறு அறைகள் வரிசை வரிசையாக நிற்பதைக் கண்டு, அவற்றுக்கு அறை எனப் பொருள்படும் பெயரையே சூட்டி, 1665 ஆம் ஆண்டிலே தாம் வெளியிட்ட நூலில் எழுதினார். உயிரியலார் இன்று கலம் என்று கூறுவதன் மூலப்பெயர் அவ்வாறு பிறந்ததே. ஒரு கன அங்குலத் தக்கையில் நூற்றிருபது கோடிக்கு மேற்பட்ட அறைகள் உண்டென ஹூக் கணக்கிட்டார்.

இத்தகைய பொருளில் திண்பொருள் மிகச் சொற்பம், பெரும்பகுதி வளியே. பொலிஸ்தைரீன் ஒரு கனமீற்றர் 1050 கிலோகிராம் நிறையுள்ளது. பெட்டிகளிற் பொதியும் ரெஜிபோமோ ஒரு கனமீற்றருக்கு 20 கிலோகிராம் அளவினதே. எனவே அதன் கனவளவில் நூற்றுக்கு 98 பங்கு வளி. தலைக்கவசத்தினுள்ளே வைக்கப்படும் நுரை அதனினும் செறிந்தது. ஒரு கனமீற்றருக்கு 60 கிலோகிராம் என்று கொள்வோமாயின், அதிலும் நூற்றுக்கு 94 பங்கு வளியாகவே இருக்கும். எஞ்சிய ஆறு பங்குப் பிளாஸ்திக்கே நமக்குக் காவல்.

இனி, ஒரு துண்டு நுரையை நசுக்கும் பொறியில் வைத்து மெல்ல மெல்ல அமுக்குவோம். எவ்வளவு விசைக்கு எவ்வளவு நெரிகின்றது என்பதை வரைபடமாக வரைந்தால், அதில் மூன்று பகுதிகள் தெளிவாகத் தெரியும்.

முதற் பகுதியில் நுரை சிறிதளவே நெரியும். அமுக்கும் விசை ஏற ஏற நெரிவும் அதே வீதத்தில் ஏறும். கையை எடுத்தால் முன்னைய நிலைக்கு மீளும். இவ்வகையில் நுரை மற்றத் திண்பொருள்களைப் போன்றதே. ஆனால் நூற்றுக்குச் சில பங்கு நெரிந்ததும் இரண்டாம் பகுதி தொடங்குகின்றது. இப்பொழுது விசையை மேலும் ஏற்ற வேண்டுவதில்லை. ஏறத்தாழ ஒரே அளவான விசையிலேயே நுரை மேலும் மேலும் அமிழ்ந்துகொண்டே போகும். வரைபடத்தின் கோடு மேட்டுநிலம்போலத் தட்டையாக ஓடும். நுரையின் தடிப்பில் அரைவாசிக்கு மேற்பட்ட பகுதி இவ்வாறு ஒரே விசையில் நசுங்கும். மூன்றாம் பகுதியில் அறைகளெல்லாம் மூடுண்டு, எதிர்ச்சுவர்கள் ஒன்றோடொன்று முட்டிவிடுகின்றன. இனி நசுங்குவதற்கு வெற்றிடம் இல்லை. அப்பொழுது விசை செங்குத்தாக எழும். நுரை நுரைத்தன்மை இழந்து வெறும் பிளாஸ்திக் கட்டியாகிவிட்டது என்பதே அதன் பொருள்.

நடுவிலுள்ள அந்தத் தட்டையான பகுதி எங்ஙனம் உண்டாகின்றது? தென்னோலை ஈர்க்கு ஒன்றை எடுத்து இரு முனைகளையும் பிடித்து இழுத்துப் பாருங்கள், எளிதில் அறாது. அதே ஈர்க்கை மேசைமேல் நிமிர்த்தி நிறுத்தி, உச்சியில் விரலை வைத்து அமுக்குங்கள். ஓர் எல்லைவரை நேராக நின்று தாங்கும். அவ்வெல்லை கடந்ததும் திடீரென வில்லாக வளையும். வளைந்தபின் மேலும் வளைப்பதற்கு விசையை ஏற்றவேண்டுவதில்லை. மெல்லிய கம்பம் இவ்வாறு வளைந்து கொடுப்பதற்குரிய கணிதத்தை 1744 ஆம் ஆண்டிலே லெயொனாட் ஒயிலர் என்னும் சுவிற்சலாந்து அறிஞர் எழுதிவைத்தார். நுரையின் அறைச்சுவர் ஒவ்வொன்றும் ஓர் ஈர்க்கு என எண்ணிக்கொள்ளுங்கள். ஆயிரமாயிரம் ஈர்க்குகள் அங்கே நிற்கின்றன. அவற்றுள் மிக நொய்ந்த வரிசை முதலில் மடியும். அது மடிந்து மூடியபின் பாரம் அடுத்த வரிசைக்குச் செல்லும். அதுவும் அதே அளவு விசையில் மடியும். இப்படி வரிசை வரிசையாக அறைகள் சாய்வதனாலேயே விசை ஏறாமல் நெரிவு மட்டும் வளர்கின்றது. அறைகள் மூடியவையாயின் உள்ளே அகப்பட்ட வளியும் நெருக்குண்டு எதிர்க்கும். ஆதலால் அத்தகைய நுரைகளில் அந்தக் கோடு முற்றிலும் தட்டையாக இராது. சிறிது சிறிதாக மேல் நோக்கும்.

இன்னுமொரு குணமும் கவனிக்கத்தக்கது. இறப்பர்த் துண்டு ஒன்றை மேலிருந்து அமுக்கினால் அது பக்கங்களிற் பிதுங்கும். தக்கையோ அவ்வாறு பிதுங்குவதில்லை. அதன் சுவர்கள் தமக்குரிய அறைகளினுள்ளேயே மடிந்துவிடுகின்றன. போத்தலின் கழுத்தினுள்ளே தக்கையை எளிதாகச் செலுத்த முடிவதும் இறப்பர் அடைப்பானைச் செலுத்துவது கடினமாவதும் இதனாலேயாம்.

நுரையின் வலிமை அதன் அடர்த்தியைப் பெரிதும் சார்ந்தது. லோர்ணா கிப்சன், மைக்கேல் ஆஷ்பி என்னும் இருவர் அறையமைப்புள்ள திண்பொருள்கள் பற்றி 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இத்துறையிற் பெரிதும் மதிக்கப்படுவது. திறந்த அறைகளையுடைய நுரையின் விறைப்பு, அதன் அடர்த்தியின் வர்க்கத்துக்கேற்ப மாறும் என்று அவர்கள் காட்டினர். அடர்த்தியை அரைவாசியாகக் குறைத்தால் விறைப்புக் காற்பங்காகிவிடும். பிளாஸ்திக் நுரை நசுங்கத் தொடங்கும் விசையோ ஏறத்தாழ மூன்றிலொன்றாகும். மெல்லிய சுவர் வளைவது தடித்த சுவர் வளைவதிலும் மிக எளிதாதலின் இவ்வாறு நிகழ்கின்றது. ஆகவே நுரை செய்வோர் அறைகளுக்குள் எவ்வளவு வளியை விடுவது என்பதை மாற்றுவதன் மூலமே, எவ்வளவு விசையில் அது நசுங்கவேண்டும் என்பதை வேண்டியவாறு அமைத்துக்கொள்கின்றனர்.

நசுங்கியபின் யாது நிகழும் என்பதைக்கொண்டு நுரைகளை மூவகைப்படுத்தலாம். இறப்பர் நுரையின் சுவர்கள் வளைந்து மீள்வன. விசையை நீக்கியதும் மெத்தை மறுபடி எழும். ரெஜிபோமின் சுவர்கள் வளைந்தபின் பெரும்பாலும் மீள்வதில்லை. பட்ட அடி வடுவாகப் பதிந்துவிடும். நுரைக் கண்ணாடி, நுரைச் சீமெந்து ஆகியவற்றின் சுவர்களோ வளைவதேயில்லை. காய்ந்த பாணைக் கையிற் பிடித்து நொறுக்குவதுபோல ஒவ்வொன்றாக உடைந்து தூளாகும்.

உயிர்காக்கும் பணிக்கு இவற்றுள் எது ஏற்றது? மெத்தைபோல் மீண்டெழுவதே நல்லதென முதலில் தோன்றும். ஆயின் மீண்டெழும் பொருள், தான் வாங்கிய சக்தியிற் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். விழுந்த தலை மறுபடி மேலே எறியப்படும். மடிந்தே போகும் நுரையும் நொறுங்கிப் போகும் நுரையும் தாம் வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. சுவர்களை நிலையாக மடிப்பதிலும் உடைப்பதிலும் அது செலவாகி, ஈற்றில் வெப்பமாக அடங்கிவிடும்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். மனிதனின் தலை ஏறத்தாழ 5 கிலோகிராம் திணிவுள்ளது. ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து அது விழுமாயின், நிலத்தைத் தொடும்போது செக்கனுக்கு 5.4 மீற்றர் வேகம், அஃதாவது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகம் பெற்றிருக்கும். அந்த வேகம் முழுவதும் அழிந்தாக வேண்டும். எவ்வளவு தூரத்துள் அழிகின்றது என்பதே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வினா. கடினமான தரையிலே மூன்று மில்லிமீற்றர் தூரத்துள் தலை நின்றுவிடுமாயின், அமர்முடுகல் புவியீர்ப்பினும் 500 மடங்காகும். அதனைத் தாங்கும் மூளை இல்லை. மூன்று சதமமீற்றர் தடிப்புள்ள நுரை இடையிலிருந்து, அதில் இரண்டு சதமமீற்றர் நசுங்குமாயின், தலை நிற்பதற்கு இரண்டு சதமமீற்றர் தூரம் கிடைக்கின்றது. அப்பொழுது அமர்முடுகல் சராசரி 75 மடங்காகக் குறையும். தலைமேற் செயற்படும் விசை 375 கிலோகிராம் நிறைக்குச் சமமாகும். நாம் சொன்ன அடர்த்தியுள்ள பொலிஸ்தைரீன் நுரை, ஒரு சதுர சதமமீற்றருக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம் நிறை தாக்கும்போது நசுங்கும். அந்தக் கணக்கின்படி உள்ளங்கையளவு பரப்புள்ள நுரை நசுங்கினாற் போதும். தலை மெல்ல நிறுத்தப்பட்டுவிடும்.

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு வகுத்த 22 ஆம் ஒழுங்குவிதி, மோட்டார் சைக்கிள் தலைக்கவசங்களைச் சோதிக்கும் முறைகளைக் கூறுகின்றது. அதன் ஐந்தாவது திருத்தத் தொடரின்படி, கவசமணிந்த போலித்தலை ஒன்றைச் செக்கனுக்கு 7.5 மீற்றர் வேகத்தில் இரும்புப் பீடத்தில் மோதவிட்டால், அதன் அமர்முடுகல் எக்கணத்திலும் புவியீர்ப்பின் 275 மடங்கைத் தாண்டலாகாது. மோட்டார் சைக்கிள் மணிக்கு 60 கிலோமீற்றர் ஓடுகையில் இச்சிறு வேகத்துக்குச் செய்த சோதனை எதற்கு உதவும் என்று சிலர் வினவக்கூடும். விழுபவர் வெறும் வீதியிற் சறுக்கிச் செல்வாராயின், முன்னோக்கிய வேகம் உராய்வினாலே சிறிது சிறிதாகக் கழியும். தலையைத் தரையில் அடிப்பது விழும் உயரம் தந்த வேகமே. கம்பத்திலோ மதிலிலோ நேரே மோதுவோரை நுரை எப்பொழுதும் காத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. அதன் வல்லமைக்கு எல்லையுண்டு. நிதானமாக ஓட்டவேண்டிய கடமை எஞ்சியே நிற்கின்றது.

நுரை மிக மென்மையாக இருந்தால் தலை நிற்பதற்கு முன்னரே அறைகள் முழுவதும் மூடிவிடும். பின்னர் வரும் அடி கல்லின் அடியே. மிகக் கடினமாக இருந்தால் அறைகள் மடியவே மாட்டா. அப்பொழுதும் அது கல்லே. இவ்விரண்டுக்கும் நடுவிலே அடர்த்தியைத் தேர்வதுதான் தலைக்கவசம் அமைப்போரின் திறமை. வெளியேயுள்ள பளபளப்பான ஓடு, கூரிய கல்லின் அடியை அகன்ற பரப்புக்குப் பரப்பிக் கொடுக்கும் துணைவன். காக்கும் வேலையிற் பெரும்பகுதி உள்ளேயுள்ள நுரையினுடையது.

இந்த அறிவு எளிதாகக் கிடைத்ததன்று. அரேபியாவின் லோறன்ஸ் எனப் புகழ்பெற்ற ரீ. ஈ. லோறன்ஸ், 1935 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆம் திகதி இங்கிலாந்தின் டோசெற் பகுதியில் மோட்டார் சைக்கிளிற் செல்கையில், சைக்கிளில் வந்த இரு சிறுவரைத் தவிர்க்க விலகித் தூக்கியெறியப்பட்டார். தலையிற் கவசம் இல்லை. நினைவு திரும்பாமலே ஆறாம் நாள் உயிர் நீத்தார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுள் ஒருவர், அவுஸ்திரேலியாவிற் பிறந்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரான ஹியூ கெயான்ஸ். அவர் மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் இன்றியமையாமையை வற்புறுத்தி 1941 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையிற் கட்டுரை எழுதினார். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரித்தானியத் தரைப்படை தன் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. எனினும் அக்காலக் கவசங்கள் கடின ஓடும், அதனுள்ளே தலையைத் தாங்கும் வார்களுமாகவே அமைந்தவை. நசுங்கி மீளாத நுரையை உள்ளே வைக்கும் முறைக்குத் தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றோத், லொம்பாட் ஆகியோர் 1953 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றனர். நாம் இன்று அணியும் கவசங்கள் அந்த வழியில் வந்தவை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008 ஆம் ஆண்டில் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு, தலைக்கவசம் அணிவதால் மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காய அபாயம் நூற்றுக்கு 69 அளவிலும் மரண அபாயம் 42 அளவிலும் குறைகின்றன என்று காட்டியது.

நசுங்கிக் காக்கும் இந்த உபாயம் தலைக்கு மட்டும் உரியதன்று. 1969 ஆம் ஆண்டு யூலை மாதம் சந்திரனில் இறங்கிய கலத்தின் கால்களுக்குள்ளே தேன்கூடு போன்ற அறைகளையுடைய அலுமினியம் வைக்கப்பட்டிருந்தது. கலம் பலமாகத் தரையை அடித்தால் அது நசுங்கி அதிர்ச்சியை வாங்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஆம்ஸ்ரோங் மிக மெதுவாக இறக்கியமையால் கால்கள் அதிகம் அமிழவில்லை. அதனால் ஏணியின் கடைசிப் படி எதிர்பார்த்ததிலும் உயரத்தில் நின்றது. விமான நிலையங்கள் சிலவற்றில் ஓடுபாதையின் முடிவிலே நுரைச் சீமெந்துக் கட்டிகள் பரப்பப்பட்டுள்ளன. 1999 ஆம் ஆண்டு மே 8 ஆம் திகதி நியூயோர்க்கின் கெனடி விமான நிலையத்தில் ஓடுபாதையைத் தாண்டிச் சென்ற சாப் 340 வகை விமானம் ஒன்று அக்கட்டிகளுள் சக்கரம் புதைந்து, உயிர்ச்சேதமின்றி நின்றது. சக்கரங்கள் சீமெந்தை நொறுக்க நொறுக்க, விமானத்தின் வேகம் அந்த நொறுங்கலிலே கழிந்தது.

எமது நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணியவேண்டுமென்பது சட்டம். பொலிசாரின் கண்ணுக்குக் காட்டுவதற்காக அணியும் கவசத்துக்கும் தலையைக் காக்க அணியும் கவசத்துக்கும் உள்ள வேறுபாடு, நுரையின் குணத்தை அறிந்தவருக்குத் தெளிவாகும். கவசத்தை வாங்கும்போது உள்ளே கையை விட்டுப் பாருங்கள். தோலில் உறுத்தாதிருக்கும் பஞ்சுபோன்ற மெல்லிய விரிப்பு வசதிக்காக வைத்தது. அதன் பின்னால் விரலுக்கு இறுக்கமாகத் தோன்றும் தடித்த நுரை இருத்தல் வேண்டும். அது இல்லாத கவசம் வெறும் ஓடே. தாடையின் கீழ் வாரைப் பூட்டாவிட்டால், விழும் கணத்தில் கவசம் ஓரிடத்திலும் தலை ஓரிடத்திலும் போய்விடும். கவசத்தைப் பெற்றோலாலோ வர்ண எண்ணெயைக் கரைக்கும் திரவத்தாலோ துடைத்தலாகாது; பொலிஸ்தைரீன் அவற்றிலே கரையக்கூடியது. வெளியோடு பளபளக்க, உள்ளே நுரை அரித்துப்போயிருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வேறொன்று. நுரையின் அறைகள் ஒருமுறைதான் மடியும். பெருவிபத்தொன்றில் அடிபட்ட கவசத்தின் வெளியோட்டிலே கீறல்கூட இல்லாதிருக்கலாம். உள்ளேயோ, அடிபட்ட இடத்தில் நுரை நசுங்கி, முன்னர்ச் சொன்ன மூன்றாம் பகுதியை எட்டிவிட்டிருக்கும். அதே இடத்தில் மறுமுறை அடி விழுமாயின் நசுங்குவதற்கு அங்கே வெற்றிடம் இராது. விலை கொடுத்து வாங்கியது, பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கின்றது என்று அதனைத் தம்பிக்கோ மகனுக்கோ கொடுத்துவிடும் வீடுகள் உண்டு. அவ்வாறு கொடுக்கப்படுவது காவல் தீர்ந்துபோன ஓடு. ஒருமுறை உயிர்காத்த கவசம் தன் கடனை முடித்துவிட்டது; அதனை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதொன்றை வாங்குவதே அறிவுடைமை.